ஜன்னலில் ஆடிய தலை

"டீச்சர், புத்தகத்துல படம் தப்பா போட்டிருக்கான்," என்றான் ஸ்பாஸ்.

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் புத்தகத்துக்குள் தலையை விட்டது. கலினாவும் பார்த்தாள்.

பாடத்தின் பெயர் 'சின்னச் சின்ன அசைவுகள்'. கண் சிமிட்டுவதற்கு ஓர் இங்கிலீஷ் சொல், தோளைக் குலுக்குவதற்கு ஒரு சொல். மூன்றாவது சொல் 'நாட்', அதாவது 'ஆமாம்' என்று தலையசைப்பது. அதற்குப் பக்கத்தில் டாம் என்ற பையனின் படம். அவன் அம்மா ஓர் ஆப்பிளை நீட்டி, "வேண்டுமா?" என்று கேட்கிறாள். டாம் 'நாட்' செய்கிறான். அவன் தலைக்கு அருகே ஓர் அம்பு மேலே போகிறது, ஓர் அம்பு கீழே போகிறது. அடுத்த படத்தில் டாம் ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

"வேண்டாம்னு தலையாட்டிட்டு எப்படி டீச்சர் திங்குறான்?"

ஸ்பாஸ் கேட்டது நியாயம்தான். அந்த மலையூரில் மட்டுமல்ல, பல்கேரியா முழுக்கவே 'ஆமாம்' என்றால் தலை இடமும் வலமுமாக ஆடும். 'இல்லை' என்றால் மேலும் கீழுமாக ஆடும். பால் குடிக்கிற குழந்தைக்கும் அது தெரியும்.

பெனெவா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். போன வருடம்வரை அவர் ரஷ்ய மொழி டீச்சர். இந்த வருடம்தான் அந்தப் பள்ளியில் ரஷ்ய மொழி போய் இங்கிலீஷ் வந்திருந்தது. பிள்ளைகளைவிட அவர் ஒரே ஒரு பாடம்தான் முன்னால் இருந்தார். சில வாரங்களில் அதுவும் இல்லை. இது பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனால் அவரை அவர்களுக்குப் பிடிக்கும். அதனால் யாரும் அதைப் பேசுவதில்லை.

"அச்சுக் கோக்கும்போது அம்பு மாறிப்போயிருக்கும்," என்றார் டீச்சர். "ரப்பர் வச்சு அழிச்சிட்டு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு போட்டுக்கோங்க."

இருபது ரப்பர்கள் தேய்த்தன. இருபது டாம்களும் நல்ல பிள்ளைகளாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்கள்.

"வீட்டுப்பாடம்," என்றார் டீச்சர். "'நாட்'டை வச்சு அஞ்சு வாக்கியம். கதை விடக்கூடாது. அவங்கவங்களுக்கு நிஜமா நடந்ததைத்தான் எழுதணும்."

"எனக்கு ஒண்ணும் நடக்கறதே இல்லையே டீச்சர்," என்றான் ஸ்பாஸ்.

"நடக்கும், போ," என்றார் டீச்சர். மணி அடித்தது.

வெளியே வந்தபோது மூடுபனி ஆற்றிலிருந்து ஏறித் தெருவுக்குள் வந்துவிட்டிருந்தது. கம்பளி போல அது வீடுகளின் இடுப்புவரை சுற்றிக்கொண்டிருந்தது. கலினாவும் ஸ்பாஸும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆற்றோரத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தத் தெருவில்தான் தோனா அத்தையின் வீடு இருந்தது.

தோனா அத்தை போன குளிர்காலத்தில் இறந்துபோனவர். தனி ஆள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் விளக்கு ஏற்றவில்லை. தெருப்பக்க மதில் கதவில் கட்டிய கறுப்பு நாடா அப்படியே இருந்தது. அவர் இறந்த செய்தியைப் படத்தோடு அச்சடித்து வாசல் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஊர் வழக்கப்படி அதை யாரும் கிழிக்க மாட்டார்கள், மழைதான் கிழிக்க வேண்டும். மழை அதில் பாதியைக் கரைத்துவிட்டது. நடுவகிடு எடுத்த தலைமுடியும் இரண்டு கண்களும் மட்டும் மிச்சம்.

"அந்தத் தாளைப் பாக்காம வா," என்றாள் கலினா.

"பயமா உனக்கு?"

"உனக்கு?"

"எனக்கென்ன பயம். நான் வேற பக்கம் பாக்கறது, அது எனக்குப் பிடிச்ச பக்கம்கறதாலதான்."

இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள். அப்போதுதான் கலினா நின்றாள்.

"ஸ்பாஸ், இந்த வாசல் கதவு நேத்து பூட்டித்தானே இருந்துது?"

கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே முற்றம் இருண்டு கிடந்தது. பனி மட்டும் அந்த இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்பாஸ் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடி ஜன்னலில் ஒரு முகம் இருந்தது.

வெளுத்த முகம். நடுவகிடு எடுத்த தலைமுடி. இரண்டு கண்கள். அழுக்குப் படிந்த இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் அது அசையாமல் நின்றது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. சத்தம் எதுவும் வரவில்லை.

"தாள்ல இருக்கறவங்க," என்று ஸ்பாஸ் முணுமுணுத்தான். "மேல ஏறி நிக்கறாங்க."

கலினா ஓடவில்லை. ஓடினால் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் என்று தோன்றியது. கேட்டுவிடுவது மேல்.

"நீங்க... நீங்க தோனா அத்தையா?" என்று கத்தினாள்.

முகம் இடமும் வலமும் ஆடியது.

"ஆமாங்குது," என்றான் ஸ்பாஸ். "போதும், வா."

"நீங்க செத்துப்போயிட்டீங்கதானே?"

முகம் மறுபடி இடமும் வலமும் ஆடியது. இந்த முறை வேகமாக.

"அதுக்கும் ஆமா. நல்லா கேக்கற கேள்வி நீ. கேக்காமலே இருந்திருக்கலாம்."

"உயிரோட இல்லையா? உயிரோட இருக்கீங்களா?"

முகம் மேலும் கீழும் ஆடியது. மறுபடி மறுபடி ஆடியது.

"இல்லையாம்," என்றான் ஸ்பாஸ். அவன் குரல் எலிக்குஞ்சின் குரலாகிவிட்டது.

அப்போது வீட்டுக்குப் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்ம்ம்..." என்று நீளமாக, ஆழமாக. பிறகு நின்றது. ஆற்றின் தடுப்பணையில் தண்ணீர் விழும் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

"தண்ணிச் சத்தம்," என்றான் ஸ்பாஸ்.

"தண்ணி முனகுமா?"

"இன்னிக்கு முனகுது, என்ன இப்போ?"

கலினா மறுபடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். செத்தவர்களுக்கும் ஏதாவது குறை இருக்குமோ என்னவோ. கேட்காமல் போவது மரியாதை இல்லை.

"உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?"

முகம் மேலும் கீழும் ஆடியது. நெற்றி கண்ணாடியில் முட்டும் அளவுக்கு ஆடியது.

"வேண்டாமாம். இவ்வளவு தெளிவா எங்க அப்பாகூட வேண்டாம்னு சொன்னதில்ல."

"அப்ப நாங்க போகட்டுமா?"

முகம் இடமும் வலமும் ஆடியது. தலைமுடி இரண்டு பக்கமும் பறக்க, பைத்தியம் பிடித்தாற்போல ஆடியது.

"போகச் சொல்லுது," என்று ஸ்பாஸ் சொல்லி முடிப்பதற்குள் அவன் கால்கள் தெருமுனையில் இருந்தன. கலினாவும் ஓடினாள். முனையில் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பனிக்குள் அந்த முகம் இன்னும் ஆடிக்கொண்டேயிருந்தது.

வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் கலினாவுக்கு மூச்சு இறங்கவில்லை. ஸ்பாஸின் அம்மா, கலினாவின் ஆறு வயதுத் தம்பி மிலெனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ரொட்டிக் கடை வரிசைக்குப் போனார். அம்மா நூல் ஆலையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. மின்சாரம் முறைவைத்து வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் தெருவின் முறை முடிந்து விளக்கு அணைந்தது. கலினா மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"அக்கா, உன் கை ஆடுது," என்றான் மிலென்.

"குளிர்."

"அடுப்புப் பக்கத்துலதானே உக்காந்திருக்க."

"நீ பேசாம இரு. நான் வீட்டுப்பாடம் எழுதணும்."

அவள் எழுதத் தொடங்கினாள். முதல் வாக்கியம்: 'பால் வேண்டுமா என்று அம்மா கேட்டாள், மிலென் நாட் செய்தான்.' இரண்டாவது: 'பல் துலக்கினாயா என்று கேட்டாள், மிலென் பொய்யாக நாட் செய்தான்.' மூன்றாவதுக்கு நிஜமாக நடந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்த முகம்தான் வந்தது.

'நீங்கள் செத்துப்போய்விட்டீர்களா என்று நான் கேட்டேன். அது நாட் செய்தது.'

எழுதியதும் பென்சிலைக் கீழே போட்டாள். காகிதத்தில் பார்க்கும்போது இன்னும் பயமாக இருந்தது.

எதுவோ ஒன்று அவள் மனசுக்குள் முள்ளாக உறுத்தியது. போகச் சொன்ன பேய், போனால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. திரும்பிப் பார்த்தபோது அது ஏன் அழுதுகொண்டிருந்தது? அந்த முகம் அழுதது. அவள் பார்த்தாள். ஸ்பாஸிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மிலென் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, படம் பார்ப்பான்.

"இந்தப் பையன் ஏன் குடையை வச்சிட்டுப் போறான்?"

"எங்க?"

"இங்க. அடுத்த பக்கம்."

அடுத்த பக்கத்தை வகுப்பில் இன்னும் நடத்தவில்லை. அதிலும் டாம்தான். "மழை பெய்கிறதா?" என்று அம்மா கேட்கிறாள். டாமின் தலைக்கு ஓர் அம்பு இடப்பக்கம், ஓர் அம்பு வலப்பக்கம். ஜன்னலுக்கு வெளியே முழு சூரியன். டாம் குடையை மூலையில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான்.

"மழைன்னு தலையாட்டுறான், வெளிய வெயில் அடிக்குது," என்றான் மிலென். "பொய் சொல்றானா?"

"இல்லடா, இதுவும் அச்சுல மாறி..."

கலினா நிறுத்தினாள்.

ஒன்று தப்பாக இருந்தால் அச்சுப்பிழை. இரண்டும் தப்பாக இருந்தால்? அதுவும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தப்பாக இருந்தால்?

அவள் முந்தின பக்கத்துக்குப் போனாள். தான் போட்ட அம்புகளை அழித்தாள். அடியில் பழைய அம்புகளின் தடம் மங்கலாகத் தெரிந்தது. மேலே, கீழே. ஆப்பிள் வேண்டும். இடம், வலம். மழை இல்லை.

"மிலென், அவங்க ஊர்ல தலையைத் தலைகீழா ஆட்டுறாங்கடா."

"தலைகீழா நின்னுக்கிட்டா?"

கலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலில் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக, டாம் பதில் சொன்னால் எப்படியோ அப்படி, திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

தோனா அத்தையா? இல்லை.

செத்துப்போயிட்டீங்களா? இல்லை.

உயிரோட இருக்கீங்களா? ஆமாம், ஆமாம், ஆமாம்.

உதவி வேணுமா? ஆமாம்.

நாங்க போகட்டுமா?

கலினா எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

வேண்டாம், வேண்டாம், போகாதீங்க என்று யாரோ கெஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் இருவரும் ஓடி வந்துவிட்டார்கள்.

ஸ்பாஸ் அவன் வீட்டு முற்றத்தில் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா விறகு வண்டியோடு இன்னும் வரவில்லை. கலினா சொன்னதையெல்லாம் கேட்டான். புத்தகத்தையும் பார்த்தான்.

"ஒரு டாமை நம்பி என்னைப் பேய் வீட்டுக்குக் கூப்பிடற."

"பேயா இல்லாம இருந்தா?"

"பேயா இருந்தா?"

"பேயா இருந்தா ஓடி வந்துடலாம். ஒருதடவை ஓடினோமே, அது துரத்தலையே. ஆளா இருந்து, நாம போகலைன்னா?"

ஸ்பாஸ் ஒரு சுள்ளியை ஒடித்தான். இன்னொன்றை ஒடித்தான்.

"சின்னப் பையனைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?" என்றான்.

"அவனும் வர்றான்."

"எனக்குப் பேயைப் பாக்கணும்," என்றான் மிலென்.

அதற்கு மேல் ஸ்பாஸுக்குச் சாக்கு கிடைக்கவில்லை. மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விளக்கில்லாத தெருவில் பனி மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. எங்கேயோ ஒரு நாய் குரைக்கத் தொடங்கி, யோசித்து, நிறுத்திக்கொண்டது.

தோனா அத்தை வீட்டு மாடி ஜன்னல் கறுப்பாக இருந்தது. அதில் யாரும் இல்லை.

"பாத்தியா, இல்ல," என்றான் ஸ்பாஸ். "போகலாம்."

"இருக்கீங்களா?" என்று கலினா கூப்பிட்டாள். "நான்தான். மத்தியானம் வந்தவ."

ஒன்றுமில்லை. அணைத் தண்ணீர் இரைந்தது. கதவில் இருந்த தாளின் ஓரம் காற்றில் பட்பட்டென்று அடித்தது.

பிறகு ஜன்னலின் அடிவிளிம்பிலிருந்து அது மெதுவாக எழுந்தது. முதலில் தலைமுடி. பிறகு நெற்றி. பிறகு கண்கள்.

ஸ்பாஸின் விரல்கள் கலினாவின் கையை நெரித்தன. மிலென் மட்டும், "அது அக்கா மாதிரி இருக்கு," என்றான்.

கலினா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இப்ப தலையை ஆட்ட வேண்டாம்," என்று கத்தினாள். "உங்க தலைக்கும் எங்க தலைக்கும் ஒத்துவரல. ஆமான்னா கையைக் கண்ணாடியில வைங்க. இல்லன்னா வைக்காதீங்க. புரியுதா?"

முகம் அப்படியே நின்றது. நிற்க நிற்கக் கலினாவின் தைரியம் கரைந்துகொண்டே போனது.

ஒரு கை எழுந்தது. ஐந்து விரலும் விரிந்து, வெள்ளையாக, கண்ணாடியில் பதிந்தது.

ஸ்பாஸ் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க செத்துப்போயிட்டீங்களா?"

கை இறங்கியது. கண்ணாடி காலியாக இருந்தது.

"உயிரோட இருக்கீங்களா?"

கை பதிந்தது.

"அப்பாடா," என்றான் ஸ்பாஸ் தரையிலிருந்து.

"அறைக்குள்ள மாட்டிக்கிட்டீங்களா?"

கை பதிந்தது.

"வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

இரண்டு கைகளும் கண்ணாடியில் படீரென்று அடித்தன. பிறகு ஒரு விரல் நீண்டு, வீட்டின் பின்பக்கத்தைக் காட்டியது. மறுபடி மறுபடி காட்டியது.

அந்த முனகல் இப்போது கேட்கவில்லை. அதுதான் கலினாவுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"ஸ்பாஸ், ஓடு. உங்க அப்பா வண்டி பாலத்துக்கிட்ட வந்திருக்கும். பேய்னு ஆரம்பிக்காத, நம்ப மாட்டாரு. ஆள் விழுந்து கெடக்குன்னு சொல்லு."

ஸ்பாஸ் எழுந்து ஓடினான். இந்த முறை அவன் ஓடியது வேறு மாதிரி இருந்தது.

கலினா ஜன்னலைப் பார்த்து, "நாங்க போகல," என்றாள். "நான் பின்னாடி போய்ப் பாக்கறேன். இவன் என் தம்பி. இவன் இங்கயே இருப்பான்." பிறகு மிலெனிடம் குனிந்தாள். "அவங்க முகத்தையே பாத்துக்கிட்டு எதாவது பேசிக்கிட்டு இரு. நகரக்கூடாது."

"என்ன பேசறது?"

"உனக்குத்தானா பேசறதுக்குப் பஞ்சம்?"

மிலென் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "எனக்கு ஒரு பல்லு ஆடுது," என்று ஜன்னலிடம் ஆரம்பித்தான். "கீழ் வரிசையில. நாக்கால தள்ளினா முன்னாடி வரும்."

அந்தக் குரல் பின்னால் கேட்டுக்கொண்டிருக்க, கலினா திறந்திருந்த மதில் கதவு வழியாக நுழைந்து வீட்டைச் சுற்றிப் போனாள். தோட்டத்தில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. பிளம் மரங்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றன. காலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தாள். ஓர் ஏணி. அது புல்லில் நீளமாகக் கிடந்தது. அதன் மறுமுனையில் ஒரு மனிதர் கிடந்தார்.

அவர் கண்கள் மூடியிருந்தன. முகம் சுவர்ச் சுண்ணாம்பு போல இருந்தது. கலினாவுக்குத் திரும்பி ஓடத் தோன்றியது. ஓடவில்லை. பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மாமா. மாமா, கேக்குதா?"

கண்கள் திறந்தன.

"ஹேஸல்," என்றார் அவர். "மேல... என் பொண்ணு..."

"பாத்துட்டேன் மாமா. நல்லா இருக்கா. என் தம்பி அவகிட்ட பேசிக்கிட்டு இருக்கான்."

"புகைபோக்கியைச் சுத்தம் பண்ண ஏறினேன். ஏணி வழுக்கிடுச்சு. காலை அசைக்க முடியல. கத்திக் கத்திப் பாத்தேன், இந்த அணைச் சத்தத்துல..." அவருக்குப் பல் அடித்துக்கொண்டது. "நீ யாரும்மா?"

"இந்தத் தெரு வழியாப் போறவ," என்றாள் கலினா. தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினாள். அது அவருடைய மார்புவரைதான் வந்தது. அதனால் அவர் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். "பேசிக்கிட்டே இருங்க மாமா. தூங்காதீங்க. நீங்க தோனா அத்தைக்கு என்ன வேணும்?"

"தம்பி மகன். இங்கிலாந்துக்குப் போய் இருபது வருஷம் ஆச்சு. நேத்து கடைசி பஸ்ஸுலதான் வந்தோம்."

"அதான் ஊருக்கே தெரியல," என்றாள் கலினா.

தெருவில் வண்டிச் சத்தமும் பல பேரின் காலடியும் கேட்டன. ஸ்பாஸின் அப்பா கோஸ்தா மாமா முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் ரொட்டிக் கடை வரிசையே வந்திருந்தது. கடையிலிருந்து ஆம்புலன்ஸுக்கு போன் போயிருந்தது.

"யாரு, கிரிலா?" என்று கோஸ்தா மாமா குனிந்தார். "பள்ளிக்கூடத்துல என் பின்பெஞ்சுக்காரன்டா நீ. இருபது வருஷம் கழிச்சு வந்தவன் வாசல் வழியா வந்திருக்கக்கூடாதா, கூரை வழியாத்தான் இறங்கணுமா?"

கிரில் மாமா சிரிக்கப் பார்த்தார். வலி அதைப் பாதியில் நிறுத்தியது.

மாடிக்கு ஓடிய ஸ்பாஸ் அறைக் கதவை வெளியிலிருந்து திறந்தான். உள்பக்கப் பிடி அந்தப் பெண்ணின் கையிலேயே கழன்று வந்திருந்தது. காலையிலிருந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டே கத்தியிருக்கிறாள். ஜன்னல்களோ பெயின்ட் ஒட்டிக்கொண்டு திறக்காதவை. கத்தியதில் தொண்டை கட்டி, குரலே போய்விட்டது. கலினா வயதுதான் இருக்கும். அவள் படியிறங்கி ஓடிவந்து அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இந்தக் குளிர்ல கெடந்திருந்தா கஷ்டம்," என்றார் ஆம்புலன்ஸில் வந்த டாக்டர். "யாரு முதல்ல பாத்தது?"

"நாங்க மத்தியானமே பாத்தோம்," என்றான் ஸ்பாஸ். தரையைப் பார்த்துக்கொண்டு, "புரிஞ்சது இப்பதான்," என்றான்.

ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். நூல் ஆலையிலிருந்து வந்த கலினாவின் அம்மா ஹேஸலைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். "கால் எலும்பு ஒண்ணுதான் முறிஞ்சிருக்கு, கட்டு போட்டாச்சு" என்ற செய்தியை ரொட்டிக் கடை போனில் கேட்டுக்கொண்டு கலினா வீடு திரும்பியபோது, மின்சாரம் வந்திருந்தது. சமையலறை முழுக்க பீன்ஸ் சூப் மணத்தது. ஹேஸல் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கண்கள் கலங்கியிருந்தன.

கலினா முதலில் அவளிடம்தான் போனாள். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையாம். காலைல போய்ப் பாக்கலாம்னாங்க."

ஹேஸல் மூச்சை நீளமாக விட்டாள். அப்பாவோடு வீட்டில் கேட்டுக் கேட்டு அந்த ஊர்ப் பேச்சு அவளுக்குப் புரியும். பதில் சொல்லத்தான் இப்போது குரல் இல்லை.

"இது நாலாவது கிண்ணம்," என்று மிலென் ரகசியமாகச் சொன்னான்.

"பாவம், எப்ப சாப்பிட்டதோ," என்றாள் அம்மா. "இன்னும் வேணுமான்னு கேக்கறப்பல்லாம் ஆமா ஆமாங்குது. கொஞ்சம் வெக்கப்பட்டாலும் பசி விடல."

ஹேஸல் கலினாவைப் பார்த்த பார்வையில், மத்தியானம் ஜன்னலில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவான தவிப்பு இருந்தது.

"அம்மா, அவ இவ்வளவு நேரமும் வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருக்கா."

"தலையை இப்படி இப்படி ஆட்டினாளே."

"அவங்க ஊர்ல அதுக்குப் பேரு வேண்டாம்."

"அப்ப வேணும்னா?"

"மேலயும் கீழயும்."

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடப் பாவமே, நான் பாட்டுக்கு ஊத்திக்கிட்டிருந்தேனே. சரி கண்ணு, இப்பச் சொல்லு. இன்னும் கொஞ்சம் வேணுமா?"

ஹேஸல் கலினா சொன்னதைக் கவனமாகக் கேட்டிருந்தாள். வேண்டாம் என்பதை இந்த வீட்டாருக்குப் புரிகிற மாதிரியே சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். தலையைப் பணிவாக, அழகாக, மேலும் கீழும் ஆட்டினாள்.

"பாத்தியா, வேணும்ங்குது," என்று அம்மா கரண்டியை எடுத்தாள்.

ஹேஸல் சட்டென்று கிண்ணத்தின் மேல் கவிழ்ந்தாள். இரண்டு கைகளாலும் அதை இறுக மூடிக்கொண்டாள். அப்புறம்தான் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.